பெர்லில் கோப்புத் தேடலை விரைவாக்குதல்

பெர்ல் ஸ்கிரிப்ட் ஒன்று ஆயிரக்கணக்கான கோப்புறைகளுக்குள் புகுந்து சில கோப்புகளைத் தேடும்போது செலவாகும் நேரத்தில் பெரும்பங்கு பெர்லுக்குள் கழிவதில்லை. ஒரு பெயரை ரெகுலர் எக்ஸ்பிரஷனோடு ஒப்பிடுவது மைக்ரோவினாடிக் கணக்கில் முடிந்துவிடும். இயங்குதளத்திடம் ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதில்தான் நேரம் கரைகிறது. இந்தக் கோப்புறையில் என்னென்ன இருக்கின்றன, இது கோப்பா கோப்புறையா, இதன் அளவு எவ்வளவு, கடைசியாக எப்போது மாறியது என்று கேட்கும் ஒவ்வொன்றும் ஒரு சிஸ்டம் கால். அதன் விலை லினக்ஸில் ஒன்று, விண்டோஸில் இன்னொன்று, நெட்வொர்க் டிரைவில் முற்றிலும் வேறு. மடிக்கணினியில் சட்டென்று முடிந்த ஸ்கிரிப்ட், அலுவலக சர்வரில் டீ குடித்துவிட்டு வந்த பிறகும் ஓடிக்கொண்டிருப்பது இதனால்தான். கேட்பதைக் குறைத்தால் வேகம் வரும். எதைக் கேட்காமல் விடலாம் என்பதுதான் இயங்குதளத்துக்கு இயங்குதளம் மாறுகிறது.

அளந்து பார்த்தல்

ஒரே ஸ்கிரிப்டை அடுத்தடுத்து இரண்டு முறை ஓட்டினால் இரண்டாவது ஓட்டம் பெரும்பாலும் பல மடங்கு சீக்கிரம் முடியும். கோப்புறைப் பட்டியல்களையும் கோப்பு விவரங்களையும் இயங்குதளம் முதல் ஓட்டத்திலேயே நினைவகத்தில் எடுத்து வைத்துக்கொள்கிறது. நிரலில் ஒரு வரியை மாற்றி மறுபடி ஓட்டிப் பார்த்து வேகம் கூடிவிட்டதாக மகிழ்பவர்கள் பல நேரம் இந்தக் கேஷுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டியிருக்கும். லினக்ஸில் ரூட் அதிகாரத்தோடு 'டிராப்_கேஷஸ்' என்ற கர்னல் கோப்பில் 3 என்று எழுதினால் கேஷ் காலியாகும். மேக்கில் அந்த வேலைக்கு 'பர்ஜ்' கட்டளை இருக்கிறது. விண்டோஸில் கணினியை மறுபடி துவக்குவதே நம்பகமான வழி. கேஷ் காலியாக இருக்கும்போது ஒரு முறை, நிரம்பியிருக்கும்போது ஒரு முறை என இரண்டு நேரங்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். இரவில் ஒரே ஒரு முறை ஓடும் பேக்கப் ஸ்கிரிப்டுக்கு முதல் எண் முக்கியம். நாளெல்லாம் ஓடும் ஸ்கிரிப்டுக்கு இரண்டாவது.

எந்தச் சிஸ்டம் கால் எத்தனை முறை போகிறது என்று பார்க்க லினக்ஸில் 'எஸ்ட்ரேஸ்' போதும். அதன் '-சி' தேர்வு எல்லாவற்றையும் எண்ணி ஒரு பட்டியலாகக் கொடுத்துவிடும். அந்தப் பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது, கோப்பின் விவரங்களைக் கேட்கும் ஸ்டாட் வகை அழைப்புகளின் எண்ணிக்கை. 2 லட்சம் கோப்புகள் உள்ள மரத்தில் 6 லட்சம் ஸ்டாட் அழைப்புகள் போயிருந்தால் வேறு எங்கும் தேட வேண்டியதில்லை. விண்டோஸில் ப்ராசஸ் மானிட்டரும் மேக்கில் 'எஃப்எஸ்_யூசேஜ்' கட்டளையும் இதே தகவலைத் தரும். நிரலின் எந்த வரியில் நேரம் போகிறது என்பதை அறிய 'டெவல்::என்ஒய்டிப்ராஃப்' மாட்யூலை விடச் சிறந்தது இல்லை. 2008இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் நிரலாளர்கள் வெளியிட்ட ப்ரொஃபைலர் அது.

நுழையவே வேண்டாத இடங்கள்

மிகப் பெரிய ஆதாயம் மிக எளிய மாற்றத்தில் கிடைக்கிறது: தேவையில்லாத கோப்புறைகளுக்குள் போகாமல் இருப்பது. பெர்லோடு கூடவே வரும் 'ஃபைல்::ஃபைண்ட்' மாட்யூல் சொன்ன இடத்தில் தொடங்கி அடிவரை எல்லாவற்றையும் தொட்டுவிட்டுத்தான் திரும்பும். வேண்டாததை ஒதுக்குவது நிரலாளரின் வேலை. ஜாவாஸ்கிரிப்ட் திட்டம் ஒன்றின் 'நோட்_மாட்யூல்ஸ்' கோப்புறையில் மட்டும் பல்லாயிரம் கோப்புகள் இருக்கும். 'கிட்' களஞ்சியத்தின் உள்கோப்புறையும் அப்படித்தான். லினக்ஸில் வேரிலிருந்து தேடினால் 'ப்ராக்', 'சிஸ்' என்ற பொய்க் கோப்புறைகள் குறுக்கே வரும். விண்டோஸில் ரீசைக்கிள் பின்னும் 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' கோப்புறையும் இருக்கின்றன.

இவற்றை ஒதுக்க இரண்டு வழிகள் உண்டு. கோப்புறையைக் கண்டதும் 'வான்டட்' சப்ரொட்டீனுக்குள் 'ப்ரூன்' மாறியை 1 ஆக்குவது பலரும் அறிந்தது. கோப்புறைகளை உள்ளடக்கத்துக்குப் பிறகு கையாளும் 'பைடெப்த்' முறையில் இது பலிக்காது. காரணம் எளிது. ஒதுக்கச் சொல்லும் நேரத்தில் உள்ளே போய் வந்தாகிவிட்டது.

அதிகம் பயன்படாத, ஆனால் பல இடங்களில் மேலான வழி 'ப்ரீப்ராசஸ்'. ஒரு கோப்புறையின் பட்டியலைப் படித்து முடித்ததும், அதிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாக ஆராயத் தொடங்கும் முன், ஃபைல்::ஃபைண்ட் மொத்தப் பட்டியலையும் இந்தச் சப்ரொட்டீனிடம் கொடுக்கிறது. அது திருப்பித் தரும் பெயர்கள் மட்டுமே அடுத்த கட்டத்துக்குப் போகும். 'கிரெப்' போட்டு இங்கேயே ஒரு பெயரை நீக்கிவிட்டால் அதற்கு ஸ்டாட் அழைப்பே போகாது. ஆயிரக்கணக்கான படங்களுக்கு நடுவே சில உரைக் கோப்புகளைத் தேடும்போது, படங்களின் பெயர்களை இங்கே கழித்துவிடுவது ப்ரூனால் செய்ய முடியாத சேமிப்பு. சிம்பாலிக் லிங்குகளைப் பின்தொடரும் 'ஃபாலோ', 'ஃபாலோ_ஃபாஸ்ட்' முறைகளில் மட்டும் ப்ரீப்ராசஸ் செயல்படாது.

லிங்குகளைப் பின்தொடர்வது பெரும்பாலான தேடல்களுக்குத் தேவையும் இல்லை. பின்தொடர்ந்தால் எங்கெங்கே போய்வந்தோம் என்ற கணக்கை மாட்யூல் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே கோப்புறைக்கு இரண்டு பெயர்களில் போக நேரும். லிங்க் தன்னையே சுற்றி வந்தால் தேடல் இயல்பாகப் பிழையோடு நடுவிலேயே நின்றுவிடும். வேறு டிஸ்குக்குத் தாவுவதைத் தடுக்க வேண்டுமானால், ஸ்டாட் தரும் 13 விவரங்களில் முதலாவதான டிவைஸ் எண்ணைத் தொடக்கக் கோப்புறையின் எண்ணோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் ஒதுக்கலாம். பேக்கப் டிஸ்கோ நெட்வொர்க் டிரைவோ மரத்தின் நடுவில் மவுன்ட் ஆகியிருக்கும் யூனிக்ஸ் சர்வர்களில் இந்த ஒரு சோதனை மணிக்கணக்கை மிச்சப்படுத்தும்.

ஸ்டாட் என்னும் செலவு

'-எஃப்', '-டி', '-எஸ்', '-எம்' போன்ற கோப்புச் சோதனைகள் பார்வைக்கு மாறியைப் பார்ப்பது போல இலேசாகத் தெரிகின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு ஸ்டாட் அழைப்பு இருக்கிறது. இது கோப்பா, ஒரு எம்பிக்கு மேலா, ஏழு நாளுக்குள் மாறியதா என்று ஒரே இஃப் வரியில் மூன்று முறை பெயரைச் சொல்லிக் கேட்டால் மூன்று அழைப்புகள் போகும். மளிகைப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாகக் கடைக்குப் போய்வருவதற்கு இது சமம். முதல் அழைப்பிலேயே எல்லா விவரமும் வந்துவிடுகிறது. பெர்ல் அதைத் தூக்கி எறிவதும் இல்லை.

கடைசி ஸ்டாட்டின் விடையைப் பெர்ல் வைத்திருக்கும் இடத்துக்கு ஒற்றை அடிக்கோடு '_' பெயர். முதல் சோதனையில் மட்டும் கோப்பின் பெயரைக் கொடுத்துவிட்டு, அடுத்த இரண்டிலும் பெயருக்குப் பதிலாக இந்த அடிக்கோட்டைக் கொடுத்தால் மூன்று அழைப்பு ஒன்றாகிவிடும். 2007 டிசம்பரில் வந்த பெர்ல் 5.10 முதல், ஒரே பெயருக்கு முன்னால் பல சோதனைகளை அடுக்கி எழுதவும் முடியும். அதுவும் இதே சிக்கனத்தைத்தான் செய்கிறது. சிம்பாலிக் லிங்கா என்று கேட்கும் '-எல்' சோதனை மட்டும் விதிவிலக்கு. அதற்கு வேண்டியது லிங்கைப் பின்தொடராமல் லிங்கின் விவரத்தையே கேட்கும் எல்ஸ்டாட்டின் விடை. சாதாரண ஸ்டாட்டுக்குப் பிறகு அடிக்கோட்டை அதற்குக் கொடுத்தால் பெர்ல் பிழை காட்டி நிற்கும்.

இந்த மாற்றத்தின் மதிப்பைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நெட்வொர்க் டிரைவுக்கு ஒரு கேள்வி போய்வர 1 மில்லிவினாடி ஆகிறது, கேஷ் எதுவும் உதவவில்லை என்று வைத்துக்கொண்டால், 2 லட்சம் கோப்புகளுக்கு மூன்று ஸ்டாட் வீதம் 600 வினாடி, அதாவது 10 நிமிடம். அடிக்கோடு போட்டபின் 200 வினாடி. பெயர்ச் சோதனையை முதலில் வைத்து, பொருந்திய 2,000 கோப்புகளுக்கு மட்டும் ஸ்டாட் கேட்டால் 2 வினாடி. சோதனைகளின் வரிசைதான் இங்கே எல்லாமே: பெயரை வைத்துத் தீர்க்க முடிந்ததைப் பெயரில் தீர்த்துவிட்டு, பிறகு ஸ்டாட், கோப்பைத் திறந்து படிப்பது கடைசியில்.

அந்த 2 வினாடியை ஃபைல்::ஃபைண்ட் தராது என்பதையும் சொல்லியாக வேண்டும். பெயரைப் பார்த்து மட்டும் கோப்பா கோப்புறையா என்று முடிவு செய்ய முடியாததால், அது ஒவ்வொரு பெயருக்கும் தன் பங்குக்கு ஒரு எல்ஸ்டாட் அனுப்புகிறது. யூனிக்ஸில் இதைத் தவிர்க்கப் பழைய தந்திரம் ஒன்று உண்டு. மரபான கோப்பு முறைமைகளில் ஒரு கோப்புறையின் லிங்க் எண்ணிக்கை, அதிலுள்ள துணைக் கோப்புறைகளின் எண்ணிக்கையை விட இரண்டு கூடுதல். எண்ணிக்கை 2 என்றால் உள்ளே கோப்புறையே இல்லை, ஆகவே எதற்கும் ஸ்டாட் தேவையில்லை. ஆனால் 'பிடிஆர்எஃப்எஸ்' போன்றவை எந்தக் கோப்புறைக்கும் 1 என்றே சொல்லும். தவறான எண் கொடுக்கும் முறைமையில் இந்தக் குறுக்குவழி துணைக் கோப்புறைகளைச் சத்தமில்லாமல் விட்டுவிடும் அபாயம் இருப்பதால், ஃபைல்::ஃபைண்டின் இப்போதைய பதிப்புகள் எல்லா இயங்குதளங்களிலும் அதை அணைத்தே வைத்திருக்கின்றன. தேடப்போகும் டிஸ்கின் முறைமை எதுவென்று உறுதியாகத் தெரிந்தவர்கள் 'டோன்ட்_யூஸ்_என்லிங்க்' மாறியில் 0 போட்டு அதைத் திரும்பப் பெறலாம்.

இதில் எரிச்சலூட்டும் விஷயம், லினக்ஸ் கர்னலே விடையைத் தட்டில் வைத்துத் தருகிறது என்பது. கோப்புறையைப் படிக்கும்போது பெரும்பாலான முறைமைகளில் ஒவ்வொரு பெயரோடும் அது கோப்பா கோப்புறையா என்ற வகைக் குறியும் சேர்ந்தே வருகிறது. பெர்லின் 'ரீட்டிர்' பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தக் குறியை விட்டுவிடுகிறது. பைத்தான் 2015இல் 3.5 பதிப்பில் 'ஸ்கேன்டிர்' மூலம் இந்தக் குறியைப் பயன்படுத்தத் தொடங்கியபின் அதன் கோப்புறை உலா கணிசமாக வேகம் பெற்றது. பெர்லில் அதே வசதி வேண்டுமானால் 'ஐஓ::ஏஐஓ' மாட்யூலை நாட வேண்டும். அதன் 'ஏஐஓ_ஸ்கேன்டிர்' கோப்புறைகளையும் மற்றவற்றையும் இரண்டு பட்டியல்களாகப் பிரித்தே கொடுக்கும்.

மாட்யூல் நிறுவ அனுமதி இல்லாத சர்வர்களில் ஓபன்டிர், ரீட்டிர் இரண்டையும் வைத்து சொந்தமாக ஒரு சிறு உலாவியை எழுதிக்கொள்வதே தக்க வழி. பார்க்க வேண்டிய கோப்புறைகளை ஒரு அரேயில் வைத்துக்கொண்டு, ஒன்றை எடுத்துத் திறந்து, பெயர்களைப் படித்து, துணைக் கோப்புறைகளை அதே அரேயில் சேர்த்துக்கொண்டே போனால் ரிகர்ஷன்கூடத் தேவையில்லை. இருபது வரிக்குள் முடிந்துவிடும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரே ஒரு எல்ஸ்டாட், மற்றதெல்லாம் அடிக்கோடு. தன் தரவின் அமைப்பை அறிந்தவர் இன்னும் இறங்கலாம். எல்லாக் கோப்புகளுக்கும் நீட்டிப்பு உண்டு, எந்தக் கோப்புறைப் பெயரிலும் புள்ளி இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால், புள்ளி உள்ளவற்றைக் கோப்பென்று கொண்டு ஸ்டாட்டை அடியோடு விட்டுவிடலாம். தான் உருவாக்கிய மரத்தில் மட்டும் செய்யத்தக்க துணிச்சல் இது.

விண்டோஸில் மட்டும் தவழ்வது ஏன்

ஸ்டாட் என்பது யூனிக்ஸில் பிறந்த கருத்து. விண்டோஸில் பெர்ல் அதைப் பாவனை செய்து காட்டுகிறது. லிங்க் எண்ணிக்கை உட்பட எல்லா விவரத்தையும் நிரப்ப, கோப்பைத் திறந்து, தகவலைக் கேட்டு, மூட வேண்டியிருக்கிறது. திறக்கும் ஒவ்வொரு முறையும் ஆன்டிவைரஸ் எட்டிப்பார்க்கும். ஒரு சோதனைக்கு இத்தனை சடங்கு என்றால் மூன்று சோதனைக்கு என்ன ஆகும் என்பது சொல்லாமலே விளங்கும். லினக்ஸில் அடிக்கோடு போடாத சோம்பேறித்தனம் மன்னிக்கப்படலாம். விண்டோஸில் முடியாது.

பெர்ல் 5.10இல் இதற்கென்றே 'வின்32_ஸ்லாப்பி_ஸ்டாட்' என்ற சிறப்பு மாறி வந்தது. அதை உண்மையாக்கினால் ஸ்டாட் கோப்பைத் திறக்காது. லிங்க் எண்ணிக்கை கிடைக்காது, ஹார்டு லிங்க் உள்ள கோப்புகளின் விவரம் பழையதாக இருக்கலாம். நெட்வொர்க் டிரைவில் வேகம் வெகுவாகக் கூடும். பழைய ஸ்ட்ராபெரி பெர்ல் ஓடும் கணினிகளில் இன்றும் இதுவே முதல் மருந்து. 2021இல் வந்த 5.34 முதல் அந்த மாறிக்கு எந்த வேலையும் இல்லை. வைத்திருந்தால் தொல்லை இல்லை, பயனும் இல்லை.

புதிய பதிப்புகளில் கோப்பா கோப்புறையா என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்றால் 'வின்32::ஃபைல்' மாட்யூலின் 'கெட்ஆட்ரிப்யூட்ஸ்' கொண்டு பண்புகளை மட்டும் கேட்கலாம். விண்டோஸ் தன் கோப்புறைப் பட்டியலைத் தரும்போதே ஒவ்வொரு பெயரோடும் பண்பு, அளவு, நேரங்கள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் தருகிறது. ரீட்டிர் இங்கேயும் பெயரைத் தவிர மற்றதையெல்லாம் விட்டுவிடுகிறது.

சிக்வின் பெர்லின் கதை இன்னும் மெதுவானது. அங்கே யூனிக்ஸ் பாவனை இன்னொரு அடுக்காக மேலே உட்கார்ந்திருக்கிறது. டபிள்யூஎஸ்எல்-2க்குள் லினக்ஸ் பெர்லை ஓட்டுபவர்கள், விண்டோஸ் டிஸ்கில் உள்ள கோப்புகளை '/எம்என்டி/சி' வழியாகத் தேடுவதைத் தவிர்க்க வேண்டும். ஒவ்வொரு அழைப்பும் இரண்டு இயங்குதளங்களுக்கு நடுவே போய்வருகிறது. லினக்ஸ் பக்கத்திலேயே உள்ள கோப்புகளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

பெயர்கள் பொருந்தாமல் போகும் இடங்கள்

வேகமாகத் தேடியும் கோப்பு கிடைக்கவில்லை என்றால் வேகத்தால் பயனில்லை. தமிழில் பெயரிட்ட கோப்புகளைப் பல இயங்குதளங்களில் தேடுவோர் இதை அடிக்கடி சந்திக்கிறார்கள்.

மேக்கின் பழைய 'ஹெச்எஃப்எஸ் ப்ளஸ்' முறைமை, பெயர்களை யூனிகோடின் பிரித்த வடிவில் மாற்றித்தான் சேமிக்கும். தமிழில் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் இதில் சிக்கும். 'கோப்பு' என்று பெயரிட்டால் 'கோ'வின் ஓகாரக் குறி ஒற்றைக் குறியீடாக இல்லாமல், ஏகாரக் கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாக உடைந்து சேமிக்கப்படும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பெர்லின் ஒப்பீட்டுக்கு அவை வேறு வேறு சரங்கள். 2017இல் மேக்குக்கு வந்த 'ஏபிஎஃப்எஸ்' பெயரைக் கொடுத்தபடியே வைத்துக்கொள்கிறது. ஆனால் பழைய டிஸ்குகளிலிருந்து நகலெடுத்த கோப்புகள் உடைந்த பெயரோடுதான் வந்திருக்கும். பெர்லோடு வரும் 'யூனிகோட்::நார்மலைஸ்' மாட்யூலின் 'என்எஃப்சி' கொண்டு, தேடும் சொல், கிடைத்த பெயர் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து ஒப்பிட வேண்டும். ரீட்டிர் தருவது பைட்டுகள் என்பதால் முதலில் யூடிஎஃப்-8 டிகோட், பிறகு நார்மலைஸ்.

விண்டோஸில் சிக்கல் வேறு. ஆங்கிலம், ரஷ்யன் போன்றவற்றுக்கு இருக்கும் பழைய ஆன்சி கோட் பேஜ் தமிழுக்கு இல்லை. பெர்லின் சொந்த ரீட்டிர் அந்தக் கோட் பேஜில் அடங்கும் பெயர்களையே முழுதாகத் தர முடியும். அடங்காத பெயருக்கு டாஸ் காலத்து எட்டெழுத்துக் குறும்பெயர் கிடைக்கும். குறும்பெயர் உருவாக்கம் அணைக்கப்பட்டிருந்தால் கேள்விக்குறிகளே மிஞ்சும். 'வின்32::லாங்பாத்' மாட்யூல் யூனிகோட் வழியாகவே படிப்பதால் தமிழ்ப் பெயர்களையும், 260 எழுத்து எல்லையைத் தாண்டும் நீண்ட பாதைகளையும் சேர்த்தே சமாளிக்கிறது.

வெளி நிரலிடம் ஒப்படைத்தல்

யூனிக்ஸ், மேக் இரண்டிலும் 'ஃபைண்ட்' கட்டளை இருக்கும்போது அந்த வேலையைப் பெர்லே செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அது சி மொழியில் எழுதப்பட்டது. லினக்ஸில் உள்ள குனு ஃபைண்ட், பெர்ல் விட்டுவிடும் வகைக் குறியையும் பயன்படுத்திக்கொள்கிறது. பைப் மூலம் ஃபைண்டைத் திறந்து, வெளியீட்டைப் பெர்லில் வாசித்தால் போதும். பைப்பைத் திறக்கும்போது கட்டளையை ஒரே சரமாகக் கொடுக்காமல் பட்டியலாகக் கொடுத்தால் ஷெல் குறுக்கே வராது, பெயரில் இடைவெளியோ மேற்கோள் குறியோ இருந்தாலும் பழுதில்லை. '-பிரின்ட்0' தேர்வைப் போட்டு, பெர்லின் வரிப் பிரிப்பானை சுழி பைட்டாக மாற்றிவிட்டால் பெயருக்குள் புதுவரி இருந்தாலும் தடுமாறாது. குனு ஃபைண்டின் '-பிரின்ட்எஃப்' அளவையும் நேரத்தையும் பெயரோடு சேர்த்தே கொடுக்கும், பெர்ல் ஒரு ஸ்டாட்கூடக் கேட்க வேண்டாம். மேக்கின் ஃபைண்டில் இந்தத் தேர்வு இல்லை. இயங்குதளப் பெயரைச் சொல்லும் '$^ஓ' மாறியைப் பார்த்து வழி பிரிக்க வேண்டும்.

விண்டோஸிலும் 'ஃபைண்ட்' என்ற நிரல் உண்டு. பெயர்தான் ஒன்று. அது கோப்புக்குள் உரை தேடும் கருவி. லினக்ஸில் எழுதிய ஸ்கிரிப்டை அப்படியே விண்டோஸுக்குக் கொண்டுபோனவர்கள் விசித்திரமான பிழைச் செய்திகளோடு திகைப்பதற்கு இதுவே காரணம். அங்கே ஈடான கட்டளை 'டிர் /எஸ் /பி'. சிஎம்டியை '/யு' தேர்வோடு ஓட்டினால் பைப்பில் யூடிஎஃப்-16 வடிவில் பெயர்கள் வரும், தமிழும் சேதமில்லாமல் வரும். பைப்பின் பட்டியல் வடிவம் விண்டோஸில் 5.22 முதல்தான் உண்டு.

மாட்யூல்களைப் பற்றிச் சுருக்கமாக: 'ஃபைல்::ஃபைண்ட்::ரூல்' எழுத இனிமையானது, அடியில் ஓடுவது ஃபைல்::ஃபைண்ட்தான், ஆகவே அதைவிட வேகமாக இருக்க வழியில்லை. அதில் விதிகள் எழுதிய வரிசையிலேயே சோதிக்கப்படும் என்பதால் பெயர் விதியை முன்னால் எழுத வேண்டும். 'பாத்::இட்டரேட்டர்::ரூல்' மாட்யூலில், வரிசைப்படுத்துவதையும் சுழற்சிக் காவலையும் விட்டுவிட்டு ஓடும் 'இட்டர்_ஃபாஸ்ட்', 'ஆல்_ஃபாஸ்ட்' வழிகள் தனியாக உள்ளன. ஒரே ஒரு கோப்புறைக்குள் தேட 'குளோப்' போதும், ஆனால் அது விடைகளை அகரவரிசைப்படுத்தியே தருவதால் லட்சம் பெயர் உள்ள கோப்புறையில் ரீட்டிர் முந்தும்.

ஒரே நேரத்தில் பல தேடல்

'பேரலல்::ஃபோர்க்மேனேஜர்' கொண்டு மரத்தின் கிளைகளைப் பல ப்ராசஸ்களுக்குப் பங்கிடலாம். காத்திருப்பு நெட்வொர்க்கில் இருந்தால் நல்ல பலன் உண்டு. ஒன்று காத்திருக்கும்போது மற்றொன்று கேட்டுக்கொண்டிருக்கும். எஸ்எஸ்டியிலும் ஓரளவு பலிக்கும். சுழலும் ஹார்டு டிஸ்கில் எதிர்விளைவுதான். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் டிஸ்கில் வேண்டிய இடம் தலைக்கு அடியில் வரச் சராசரியாக 4 மில்லிவினாடிக்குக் கொஞ்சம் அதிகமாகும். நான்கு ப்ராசஸ்கள் நான்கு மூலைகளுக்கு அந்தத் தலையை இழுத்தால் மொத்தமும் மெதுவாகும். விண்டோஸில் ஃபோர்க் என்பதும் பாவனையே. ப்ராசஸுக்குப் பதில் பெர்ல் இன்டர்பிரிட்டரையே த்ரெட்டுக்குள் நகலெடுக்கிறது. சிறு தேடலுக்கு அந்த நகலெடுப்பே தேடலை விட அதிக நேரம் பிடிக்கும்.

தேடாமலே கண்டுபிடித்தல்

ஒரே மரத்தைத் திரும்பத் திரும்பத் தேட நேர்ந்தால் அட்டவணை வைத்துக்கொள்வதே முறை. லினக்ஸில் 'லொக்கேட்', மேக்கில் ஸ்பாட்லைட்டின் 'எம்டிஃபைண்ட்', விண்டோஸில் என்டிஎஃப்எஸ் டிஸ்கின் மூலப்பட்டியலையே வாசிக்கும் 'எவ்ரிதிங்' என்ற கருவியின் கட்டளை வடிவம் ஆகியவை தயாராக இருக்கின்றன. பெர்ல் அவற்றைப் பைப்பில் கேட்டுப் பெறலாம். லொக்கேட்டின் பட்டியல் வழக்கமாக நாளுக்கு ஒரு முறைதான் புதுப்பிக்கப்படும். காலையில் உருவான கோப்பு அதில் இருக்காது, நேற்று அழித்தது இருக்கும். கிடைத்த ஒவ்வொரு பெயரும் இன்னும் இருக்கிறதா என்று ஒரு ஸ்டாட் போட்டுப் பார்ப்பது நல்லது. அட்டவணையில் சேர்க்கப்படாத இடங்களும் உண்டு. எந்தக் கோப்பும் விட்டுப்போகக் கூடாத தணிக்கை வேலைக்கு இவை உதவாது.

சொந்த அட்டவணையைப் பெர்லோடு வரும் 'ஸ்டோரபிள்' கொண்டோ எஸ்க்யூஎல்லைட்டிலோ சேமிக்கலாம். அதைப் புதுப்பிக்க முழு மரத்தையும் மறுபடி படிக்க வேண்டியதில்லை. ஒரு கோப்புறைக்குள் பெயர் சேர்ந்தாலோ நீங்கினாலோ மாறினாலோ அந்தக் கோப்புறையின் மாற்ற நேரம் புதிதாகும். பழைய நேரத்தோடு ஒத்திருந்தால் பட்டியலும் பழையதே. இரண்டு எச்சரிக்கைகள்: உள்ளே இருக்கும் கோப்பின் உள்ளடக்கம் மாறினால் கோப்புறை நேரம் மாறாது, பேரக் கோப்புறையில் நடந்தது பாட்டனுக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு கோப்புறைக்கும் ஒரு ஸ்டாட் போட்டே ஆக வேண்டும். 2 லட்சம் கோப்புகள் 8,000 கோப்புறைகளில் இருந்தால், 2 லட்சம் கேள்விக்குப் பதில் 8,000 கேள்வி. பென்டிரைவின் ஃபேட் முறைமையில் கோப்புறை நேரத்தை நம்பக் கூடாது.

உள்ளடக்கத்தில் தேடும்போது

கோப்பின் பெயரைத் தாண்டி அதற்குள் ஒரு சொல்லைத் தேடும் ஸ்கிரிப்டில் செலவின் இடம் மாறுகிறது. உரையா பைனரியா என்று ஊகிக்கும் '-டி', '-பி' பேரெழுத்துச் சோதனைகள் ஸ்டாட் போல மலிவானவை அல்ல. அவை கோப்பைத் திறந்து முதல் பகுதியைப் படித்துத்தான் முடிவு சொல்கின்றன. நீட்டிப்பையும் அளவையும் பார்த்துக் கழிக்க முடிந்ததைக் கழித்த பிறகே இவற்றை அழைக்க வேண்டும். மாறாத சரத்தைத் தேட 'இண்டெக்ஸ்' போதும், ரெகுலர் எக்ஸ்பிரஷன் வேண்டாம். நூறு சொற்களில் ஏதாவது ஒன்று என்றால் நூறு முறை தேடாமல் அவற்றை 'அல்லது' குறியால் இணைத்து ஒரே எக்ஸ்பிரஷனாக்க வேண்டும். 5.10 முதல் பெர்ல் அதை 'ட்ரை' என்னும் மர அமைப்பாக மாற்றி ஒரே ஓட்டத்தில் பார்க்கிறது. ஒரு கோப்பில் சொல் இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே கேள்வியென்றால் முதல் பொருத்தத்திலேயே நிறுத்திவிட வேண்டும். வெளிப்படையான இந்த அறிவுரையைப் பின்பற்றாத ஸ்கிரிப்டுகள் ஏராளம்.

வரிவரியாகப் படிப்பதை விட 64 கேபி, 1 எம்பி என்று பெரிய துண்டுகளாகப் படித்து அதில் தேடுவது வேகமானது. துண்டுகளின் எல்லையில் சொல் வெட்டுப்படாதிருக்க, முந்தைய துண்டின் வாலில் சொல்லின் நீளத்துக்கு ஒரு பைட் குறைவாக எடுத்து அடுத்த துண்டின் தலையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். கோப்பை 'ரா' லேயரில் திறந்தால் விண்டோஸின் வரிமுடிவு மாற்றமும் யூடிஎஃப்-8 டிகோடும் நடக்காது. தமிழ் உரைக்கு இது நன்றாகவே ஒத்துவருகிறது. தேடும் சொல்லை யூடிஎஃப்-8 பைட்டுகளாக்கி, பைட்டுகளுக்குள்ளேயே தேடலாம். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு தமிழில் இல்லாததால் அதற்கான மாற்றமும் தேவையில்லை. கவனிக்க வேண்டியவை இரண்டு. 'கட' என்று தேடினால் 'கடா', 'கடி', 'கட்டு' எல்லாம் மாட்டும், ஏனென்றால் உயிர்க்குறியும் புள்ளியும் தனிக் குறியீடுகளாகப் பின்னால் வருகின்றன. மேலே சொன்ன ஒகர, ஓகார உடைப்பு கோப்புக்குள்ளும் இருக்கலாம். ஐயமிருந்தால் சொல்லை இரண்டு வடிவிலும் தேட வேண்டும்.

வேர்டின் டாக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு சிப் பொட்டலம். பைட் தேடலில் அதற்குள் இருக்கும் எதுவும் அகப்படாது. ஒன்டிரைவில் 'ஆன்லைனில் மட்டும்' என்று வைக்கப்பட்ட கோப்புகள் பெயரும் அளவும் காட்டும், உள்ளடக்கம் கணினியில் இருக்காது. படிக்கத் திறந்த கணமே ஒவ்வொன்றும் இறங்கத் தொடங்கும். அப்படிப்பட்ட கோப்புறையில் உள்ளடக்கத் தேடலை ஓட்டும் முன் கோப்பின் பண்புகளில் 'ஆஃப்லைன்', 'ரீகால்' குறிகள் இருக்கின்றனவா என்று பார்த்து, இருப்பவற்றைத் தாண்டிச் செல்லும்படி எழுத வேண்டும்.